திக்கிப் பேசும் பிள்ளைகள்: உங்கள் வீட்டில், வகுப்பில் நடந்ததைப் பகிருங்கள்

ஒரு அம்மா, திருநெல்வேலி

என் மகனுக்கு எட்டு வயது. மூன்றரை வயதுவரை கடகடவென்று பேசியவனுக்குத் திடீரென்று திக்க ஆரம்பித்தது. ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். நாக்கில் வசம்பை உரசித் தடவு, கூழாங்கல்லை வாயில் போட்டுப் படிக்கச் சொல், யாரையோ பார்த்துப் பழகிவிட்டான், இரண்டு அடி போட்டால் நின்றுவிடும்.

பேச்சுப் பயிற்சியாளர்தான் விளக்கமாகச் சொன்னார். திக்கல் பெரும்பாலும் 2 வயதிலிருந்து 5 வயதுக்குள் தொடங்குமாம். நிறையப் பிள்ளைகளுக்குத் தானாகவே சரியாகிவிடும். பயமோ வளர்ப்போ காரணமில்லை, குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் வர வாய்ப்பு அதிகம். என் மாமனாரின் தம்பிக்கு உண்டு. ஆனால் மாதக்கணக்கில் நீடித்தாலோ, பிள்ளை கண்ணை இறுக்கி, காலைத் தட்டித் திணறினாலோ, சொல்ல வந்ததை "ஒண்ணுமில்ல" என்று விட்டுவிட்டாலோ காத்திருக்கக் கூடாது என்றார். இவனுக்கு அந்த "ஒண்ணுமில்ல" வந்திருந்தது.

"மெதுவா பேசு" என்று அவனிடம் சொல்லாமல், நாங்கள் மெதுவாகப் பேச வேண்டும் என்றார். அவன் முடித்த பிறகு ஒரு நொடி விட்டுப் பதில் சொல்ல வேண்டும். சொல்லை எடுத்துக் கொடுக்கவே கூடாது. தினமும் கொஞ்ச நேரம் போனை வைத்துவிட்டு அவனோடு மட்டும் இருக்க வேண்டும்.

வீட்டில் இது பழகிவிட்டது. கல்யாண வீடுகள்தான் கஷ்டம். "உம் பேரு என்னடா?" என்று கேட்பார்கள். வேறு எந்தச் சொல் சிக்கினாலும் மாற்றிச் சொல்லிச் சமாளிப்பான், சொந்தப் பெயரை எப்படி மாற்றுவான்? அதற்குள் பெரியப்பா முந்திக்கொண்டு சொல்லிவிடுவார், இவன் தலையை ஆட்டிவிட்டு ஓடிவிடுவான். இப்போது நான் பக்கத்தில் நின்று, "அவனே சொல்லட்டும் அத்தான்" என்கிறேன். போன மாதம் அவனே ஒருவரிடம், "எனக்குத் திக்கும், கொஞ்சம் பொறுங்க" என்றான். திக்காமல் பேசியிருந்தால்கூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டேன்.

அரசுப் பள்ளி ஆசிரியர், தருமபுரி

என் நான்காம் வகுப்பில் ஒரு மாணவிக்கு "உள்ளேன் ஐயா" சொல்வதே பெரும்பாடு. வரிசையில் தன் முறை நெருங்க நெருங்க முகம் மாறிவிடும். அதனால் வருகைப் பதிவுக்குக் கை தூக்கினாலும் போதும் என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டேன். அவளுக்கு மட்டும் சலுகை என்றால் அதுவே கேலிக்கு வழியாகிவிடும்.

காலைக் கூட்டத்தில் எல்லோரோடும் சேர்ந்து குறள் சொல்லும்போது அவளுக்குத் திக்குவதே இல்லை. "அப்போ வேணும்னேதான் பண்றா" என்றார் சக ஆசிரியர் ஒருவர். அப்படியில்லை. பாடும்போதும் சேர்ந்து வாசிக்கும்போதும் திக்கல் குறைவது இதன் இயல்பு.

வாசிக்க வைப்பது பற்றி அவளிடமே தனியாகக் கேட்டேன். வேண்டாம் என்பாள் என்று நினைத்திருந்தேன். "முதல்லயே என்னைக் கூப்பிடுங்க சார், காத்திருக்கிறதுதான் பயமா இருக்கு" என்றாள்.

திக்கிப் பேசும் ஒருவர், கோவை

அந்தப் பாப்பா சொன்னது முழுக்க உண்மை. பள்ளி நாட்களில் பேருந்தில் "காந்திபுரம்" வாயில் வராமல், எளிதாக வந்த வேறு நிறுத்தத்துக்குச் சீட்டு வாங்கி, அங்கிருந்து நடந்து போயிருக்கிறேன். "டென்ஷன் ஆகாதே" என்று யாராவது சொன்னால்தான் இன்னும் இறுகும். முகத்தைப் பார்த்துப் பொறுமையாகக் கேட்டவர்களிடம் அன்றும் நிறையப் பேசினேன்.

ஒரு அம்மா, திருநெல்வேலி

ஜூனில் புதுப் பள்ளி. அங்கே எப்படிச் சொல்வது? சொன்னால் முத்திரை குத்திவிடுவார்களோ என்றும் இருக்கிறது.

அரசுப் பள்ளி ஆசிரியர், தருமபுரி

பள்ளி திறப்பதற்கு முன்பே போய்ச் சொல்லுங்கள் அம்மா. அவனையும் உட்கார வைத்து, எதைச் சொல்லலாம், எதை வேண்டாம் என்று கேட்டு அரைப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: முடிக்கும்வரை காத்திருங்கள், வாசிக்க வைப்பதை முன்கூட்டியே சொல்லுங்கள், கேலி நடந்தால் எங்களுக்குத் தெரிவியுங்கள். வகுப்பாசிரியரோடு நிறுத்தாமல் பாட ஆசிரியர்களுக்கும் ஒரு நகல் கொடுங்கள். அப்புறம், பயிற்சிக்குச் செலவு செய்ய முடியாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. மையம் (பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளை ஆரம்பத்திலேயே கவனிக்கும் மாவட்ட மையம்) எங்கே என்று கேளுங்கள். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் ஒன்றிய அரசின் நிப்மெட் என்ற மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனம் இருக்கிறது.