மாமா 5 லட்சம் தர்றேன்னு பத்திரத்துல எழுதிக் கொடுத்துட்டு இப்போ மாட்டேங்குறார், கேஸ் நிக்குமா?

தாமிரபரணிக்காரி:
எங்க பெரிய மாமா, அம்மாவோட கூடப்பிறந்த அண்ணன், பக்கவாதம் வந்து படுத்துட்டார். அவர் பசங்க வெளியூர்ல, அதனால அவரே போன் பண்ணி நீ வந்து பார்த்துக்கோம்மான்னு கூப்பிட்டார், அம்மாவும் தையல் வேலையை விட்டுட்டு அங்கேயே தங்கி குளிப்பாட்டுறது மருந்து குடுக்குறதுன்னு எல்லாம் பார்த்தாங்க. எழுந்து நடக்க ஆரம்பிச்சதும் 20 ரூபா பத்திரத்துல ரெண்டு சாட்சி வச்சு 5 லட்சம் தர்றேன்னு எழுதிக் கொடுத்தார். இப்போ அவர் மகன், இது ரிஜிஸ்டர் பண்ணாத பேப்பர், உங்கம்மா காசு எதுவும் குடுக்கல, கன்சிடரேஷனே இல்லாத, அதாவது பதிலுக்கு ஒண்ணும் குடுக்காத அக்ரிமெண்ட் செல்லாதுங்குறான். நிஜமாவா?

ஊர்சுத்தி:
பத்திரத்துல எழுதி சாட்சியும் போட்டாச்சு, அப்புறம் என்னங்க. நோட்டீஸ் விடுங்க முதல்ல.

கோர்ட்வராந்தா:
@ஊர்சுத்தி பத்திரம்ங்கிறது அரசாங்கத்துக்குக் கட்டுற வரி, அவ்ளோதான். 200 ரூபா பத்திரத்துல எழுதினாலும் பதிலுக்கு ஒண்ணும் இல்லாத வெறும் வாக்குறுதின்னா 1872 ஒப்பந்தச் சட்டம் 25வது பிரிவுப்படி செல்லாது. ஆனா அதே பிரிவுல விதிவிலக்கும் இருக்கு, உங்க கசின் பாதியைத்தான் படிச்சிருக்கார். ரிஜிஸ்டர் பண்ணணும்ங்கிறது நெருங்கின சொந்தத்துக்கு அன்பு பாசத்துல தர்றேன்னு எழுதினா மட்டும்தான். அதுலயும் ரிஜிஸ்டர் பண்ணிட்டா போதும்னு இல்ல, 1900ல கல்கத்தா ஹைகோர்ட்ல ஒரு கேஸ், மனைவிக்கு மாசாமாசம் பணம் தர்றேன்னு புருஷன் ரிஜிஸ்டர் பண்ணியே குடுத்தான், ஆனா அந்தப் பத்திரத்துலயே ரெண்டு பேருக்கும் ஓயாத சண்டைன்னு எழுதியிருந்துச்சு, இதுல பாசம் எங்கய்யா இருக்குன்னு கோர்ட் தள்ளிடுச்சு 😄
உங்க பத்திரத்துல வாசகம் என்ன? அப்படியே போடுங்க, பேர் வேணாம்.

தாமிரபரணிக்காரி:
"நான் நோயுற்றிருந்த காலத்தில் என் தங்கை என்னுடன் இருந்து கவனித்து வந்ததற்காக ரூபாய் ஐந்து லட்சம் வரும் தை மாதத்திற்குள் கொடுக்க சம்மதிக்கிறேன்." இவ்ளோதான் சார். அது போன தை.

கோர்ட்வராந்தா:
அப்போ பாசக் கணக்கே வேணாம், "கவனித்து வந்ததற்காக"தான் உங்க கேஸ். அவர் கேட்டு அம்மா செஞ்சிருந்தா, முன்னாடியே செஞ்சு முடிச்ச வேலையும் கன்சிடரேஷன்தான், அதே சட்டத்தோட 2(d) பிரிவுல "செய்திருந்தாலும்"னு சேர்த்தே இருக்கு. இங்கிலாந்துல பொதுவா முடிஞ்சுபோன வேலையை ஒத்துக்க மாட்டாங்க, நம்ம சட்டம் அப்படி இல்ல. சரி, அவர் கேட்கவே இல்ல, தங்கச்சி தானா வந்தாங்கன்னு மகன் சாதிச்சா 25வது பிரிவோட ரெண்டாவது விதிவிலக்கு, 25(2)க்குப் போயிடலாம், தானா முன்வந்து செஞ்சதுக்கு ஈடு தர்றேன்னு சொன்னாலும் செல்லும், ரிஜிஸ்டர் தேவையே இல்ல. ரெண்டு பக்கமும் அவனுக்கு வழி அடைப்பு.

ஊர்சுத்தி:
அப்போ கோயில் கும்பாபிஷேகத்துக்கு 50 ஆயிரம்னு மைக்ல அறிவிச்சுட்டு தராம சுத்துறவரை என்ன பண்றது?

கோர்ட்வராந்தா:
அவர் சொன்னதை நம்பி கமிட்டி ஏதாச்சும் செலவுல மாட்டிக்கிச்சான்னு பார்க்கணும். 1886ல ஹவுரா டவுன்ஹாலுக்கு 100 ரூபா எழுதினவர், அதை நம்பி காண்ட்ராக்டரை வச்சுட்டாங்கன்னு கட்ட வேண்டியதாச்சு. 1914ல மசூதி ரிப்பேருக்கு 500 தர்றேன்னவர் கேஸ்ல வேலையே ஆரம்பிக்கல, தப்பிச்சுட்டார்.

வைகைமணல்:
கன்சிடரேஷன் ஓகே, ஆனா எதிர்த்தரப்பு வக்கீல் அதுல நிக்க மாட்டார். படுக்கையில கிடந்த மனுஷன், சோறு தண்ணிக்கே தங்கச்சி கையை எதிர்பார்த்தவர், மனசை மாத்தி எழுதி வாங்கிட்டாங்கன்னு தகாத செல்வாக்கைப் பத்தின 16வது பிரிவுக்குத் தாவுவார். தொகை ஜாஸ்தின்னு ஒப்பந்தம் அதனாலேயே செல்லாம போகாது, ஆனா சம்மதம் மனசார குடுத்ததான்னு பார்க்கும்போது கோர்ட் அதையும் கணக்குல எடுக்கலாம். அதனால சாட்சி ரெண்டு பேரையும் இப்பவே பாருங்க, எழுதும்போது மாமா தெளிவா இருந்தாரா, நடந்து வந்து கையெழுத்து போட்டாரா, பக்கத்துல உங்கம்மாவைத் தவிர வேற யார் இருந்தாங்கன்னு. டாக்டர் சீட்டு, போன் மெசேஜ் எதையும் அழிக்காதீங்க. தை முடிஞ்சதுல இருந்து 3 வருஷத்துக்குள்ள கேஸ் போட்டாகணும்.

தாமிரபரணிக்காரி:
சாட்சில ஒருத்தர் அந்தத் தெரு தபால்காரர், மாமா தானே வாசல்ல உட்கார்ந்து கூப்பிட்டு கையெழுத்து வாங்கினாராம். நாளைக்கு அவரைப் பார்க்கப் போறோம், நன்றி.