மச்சானின் தோட்டாவில் நாலு தவ் ரன்அவுட்: குறி உண்மையிலேயே தவறுமா?

லேத்கடை_பண்டாரவளை:
டவுனில் சின்னதாக லேத் கடை வைத்திருக்கிறேன், வருவதெல்லாம் பெரும்பாலும் தேயிலை பெக்டரி வேலைதான். கனடாவில் இருக்கும் மச்சான் அங்கே கிளப்பில் .308 ரைஃபிளால் இலக்குச் சுடுகிறார். தோட்டாவையும் அவரே வீட்டில் ரீலோட் பண்ணுகிறார், அதாவது சுட்ட தோட்டாவின் பித்தளைக் கோதில் புதிதாக மருந்தும் குண்டும் போடுகிறார், அங்கே அது சட்டப்படி செய்யலாம். இப்போது டயல் கேஜ் ஒன்று வாங்கி, ஒவ்வொரு தோட்டாவையும் சுழற்றிப் பார்த்து, சிலது ஒரு தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), சிலது நாலு தவ் ஆடுகிறது, அதாவது ரன்அவுட் இருக்கிறது என்று தூக்கம் கெட்டுக் கிடக்கிறார். கேஜோடு வந்த ஸ்டாண்ட் சரியில்லையாம், நல்ல வீ-பிளாக் (உருண்டையான பொருளை வைத்துச் சுழற்ற V வடிவப் பள்ளம் உள்ள தாங்கி) ஒன்று செய்து அனுப்பு என்கிறார்.

செய்வது பெரிய விஷயம் இல்லை. ஆனால் எனக்குத் துவக்கு பற்றி ஒன்றுமே தெரியாது. குழலுக்குள் போனதும் ரைஃபிளிங் (உட்சுவரில் சுருளாக வெட்டிய பள்ளங்கள்) குண்டை இறுக்கிப் பிடித்து நேராக்கிவிடாதா? பிறகு கோதில் அது கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்திருந்தால்தான் என்ன?

ஹட்டன்_டு_மெல்பர்ன்:
நேராக்கும் அண்ணே, ஆனால் முழுசாக நேராக்காது. குண்டு கோதை விட்டுக் கிளம்பி ரைஃபிளிங்கைத் தொடுவதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. சாய்ந்தபடி போனால் ஒரு பக்கம்தான் முதலில் கடிபடும், செம்பு உறை சமமில்லாமல் அமுங்கும், அதற்குப் பிறகு குண்டின் எடை மையம் குழலின் நடுக்கோட்டை விட்டு மயிரிழை தள்ளியே சுற்றிக்கொண்டு போகும். உள்ளே இருக்கும்வரை குழல் பிடித்துக்கொள்கிறது, வாயை விட்டு வெளியே வந்த கணமே பக்கவாட்டில் விலகிவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று உள்ள குழல், செக்கனுக்கு 2600 அடி வேகம் என்றால் குண்டு செக்கனுக்கு 2600 தடவை சுற்றுகிறது, நிமிடத்துக்கு 1,56,000. அந்தச் சுழற்சியில் எடை மையம் ஒரு தவ்வில் பத்தில் ஒரு பங்கு விலகியிருந்தாலே 100 யார் தூரத்தில் கிட்டத்தட்ட 5 மில்லிமீற்றர் தள்ளி விழும். எந்தப் பக்கம் விழும் என்பது தோட்டாவை எந்தப் பக்கம் பார்த்துப் போட்டோம் என்பதைப் பொறுத்தது. அதனால்தான் சிலர் உயர்ந்த பக்கத்தில் பேனையால் புள்ளி வைத்து, அது எப்போதும் மேலே வரும்படி போடுகிறார்கள்; விலகினாலும் எல்லாம் ஒரே பக்கமாக விலகட்டும் என்று.

அதற்காக மச்சான் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். டயலில் தெரிகிற நாலு தவ் அப்படியே எடை மையத்துக்குப் போவதில்லை, பெரும்பகுதியைக் குழல் சரிக்கட்டிவிடும். கடையில் வாங்கிய சாதாரண ரைஃபிளில் 3 தவ்வுக்குக் கீழே போக மெனக்கெடுவது வீண் என்பது என் அபிப்பிராயம். காற்றைத் தப்பாகக் கணித்தால் வருகிற விலகல் இதையெல்லாம் விழுங்கிவிடும்.

பிட்டர்_தலவாக்கலை:
துவக்கு எனக்கும் தெரியாது, டயல் தெரியும். டயல் நாலு தவ் காட்டினால் அச்சு விலகியிருப்பது இரண்டு தவ்தான். ஊசி ஏறி இறங்குகிற மொத்தத்தைத்தான் அது காட்டுகிறது. அடுத்தது, எங்கே தாங்கி அளக்கிறார் என்று கேளுங்கள். தேய்ந்த பேரிங்கில் ஷாஃப்டை வைத்து அளந்துவிட்டு ஷாஃப்ட் வளைந்திருக்கிறது என்று சொல்கிற ஆட்களை நம் பெக்டரிகளில் எத்தனை பேரைப் பார்த்திருப்பீர்கள்! கோதின் அடி விளிம்பில் தாங்கினால் அதில் உள்ள பிசிறையும் சேர்த்துத்தான் ஊசி ஆடும். உடம்பில் இரண்டு இடத்தில் தாங்கவேண்டும்.

முக்கியமானது, முடிந்த தோட்டாவை மட்டும் அளந்தால் கோளாறு எங்கே நுழைந்தது என்று தெரியாது. சுட்ட கோதின் கழுத்தை ஒரு தடவை, டையில் (கோதைப் பழைய அளவுக்கு இறுக்கும் கருவி) போட்டு எடுத்தபின் ஒரு தடவை, குண்டு பொருத்தியபின் ஒரு தடவை அளக்கச் சொல்லுங்கள்.

ஊவா_தம்பி:
அண்ணே, இங்கே நாமும் இப்படித் தோட்டா செய்யலாமா? பன்றித் தொல்லை தாங்க முடியவில்லை.

ஹட்டன்_டு_மெல்பர்ன்:
தம்பி, அந்தப் பக்கமே போகாதீர்கள். இலங்கையில் 1916 ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டமும் இருக்கிறது, 1956 ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டமும் இருக்கிறது. அனுமதி இல்லாமல் வெடிமருந்தைக் கையில் வைத்திருந்தாலே உள்ளே போகவேண்டியதுதான். பன்றிக்கு வேலி அடியுங்கள்.

லேத்கடை_பண்டாரவளை:
பிட்டர் அண்ணன் சொன்னபடி மச்சானை அளக்கச் சொன்னேன். சுட்ட கோதின் கழுத்து அரைத் தவ்கூட ஆடவில்லையாம். டையில் போட்டு எடுத்ததும் மூன்று தவ். குண்டு பொருத்தியபின் நாலு. ஆக, குண்டு பொருத்துகிற இடத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை, சரிதானே?

ஹட்டன்_டு_மெல்பர்ன்:
அப்படியென்றால் ஆள் பிடிபட்டான். டையின் நடுவில் தொங்குகிற, கழுத்தை உள்ளிருந்து விரிக்கிற எக்ஸ்பாண்டர் உருண்டைதான். கோதை வெளியே இழுக்கும்போது அது கழுத்தைப் பிடித்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு வரும், கழுத்துச் சுவரின் தடிப்பு ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைவாக இருந்தால் இன்னும் மோசம். முதலில் கழுத்தின் உட்பக்கத்துக்கு மசகு போட்டுப் பார்க்கட்டும். போதாவிட்டால் உருண்டை இல்லாமல், கழுத்தை வெளியிலிருந்து ஒரு வளையத்தால் இறுக்குகிற புஷிங் டை வாங்கட்டும். முடிந்த தோட்டாவை நெம்பி நேராக்குகிற கருவி விற்கிறார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை: டயலில் அழகாகத் தெரியும், ஆனால் நெம்பிய இடத்தில் கழுத்தின் பிடி தளர்ந்திருக்கும்.

இன்னொன்று, மூன்று மூன்றாகச் சுட்டுவிட்டு முடிவு கட்ட வேண்டாம். நேரானது 20, ஆடுவது 20 என்று பிரித்து, மாற்றி மாற்றி, எது எதுவென்று தெரியாமல் வேறொருவர் எடுத்துக் கொடுக்கச் சுடட்டும். அதில் வித்தியாசம் தெரியாவிட்டால் கேஜைப் பெட்டியில் போட்டு மூடலாம்.

பிட்டர்_தலவாக்கலை:
பிளாக் செய்யும்போது கவனம். அளவைத் தேடிப் பார்த்தேன், .308 கோது உருளை இல்லை: அடிப்பக்கம் 0.470 அங்குலம், தோள்பட்டை கிட்ட 0.454. நீளமான ஒரே வீ வெட்டினால் கோது சரிந்து உட்காரும். இரண்டு தனித்தனி வீ போட்டு, முன்னதை 8 தவ்வுக்குக் கொஞ்சம் மேலே உயர்த்துங்கள், பின்னால் கோது நகராமல் ஒரு ஸ்டாப்பர். கோது உட்காருகிற முகத்தை நன்றாகப் பொலிஷ் பண்ணுங்கள், பித்தளை கீறுப்படும்.