அதிகாரமும் தாழ்மையும் ஒரே ஆளிடம் பார்த்திருக்கீங்களா? அனுபவம் எழுதுங்க

ஈரோட்டிலிருந்து

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்க சபை வாலிபர் கூட்டத்துல ஒரு தங்கச்சி கேட்டுச்சு: "தாழ்மையா இருக்கறவங்க இன்னொருத்தரைக் கண்டிக்கலாமுங்களா?" அதோட பேச்சு ரெண்டு பக்கமும் ஏறிப்போச்சு. அதிகாரம்னாலே பாவம்னு ஒரு கூட்டம், ஒழுங்கு இல்லாம சபை எப்படி நடக்கும்னு இன்னொரு கூட்டம்.

யோவான் 13-ல இயேசு சீஷருங்க காலைக் கழுவறதுக்கு முன்னால ஒரு வசனம் இருக்குது, நாம வேகமாத் தாண்டிடறோம். பிதா எல்லாத்தையும் தம் கையில ஒப்புக்கொடுத்திருக்காருன்னு இயேசுவுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் எழுந்து சீலையை எடுத்து அரையில கட்டினாரு. கழுவி முடிச்சு உட்கார்ந்த பிறகும், "நீங்கள் என்னைப் போதகரென்றும், ஆண்டவரென்றும் சொல்லுகிறீர்கள், நீங்கள் சொல்லுகிறது சரியே, நான் அவர்தான்" என்கிறாரு. அந்த இடத்தை அவர் விட்டுக்கொடுக்கவே இல்லைங்க.

பிரசங்கம் வேண்டாம். இப்படி ஒரு ஆளை நேர்ல பார்த்திருந்தா அதை எழுதுங்க. ஆள் பேரும் சபைப் பேரும் போட வேண்டாம்.

கோபி பக்கமிருந்து

எங்க ஊருச் சபை லண்டன் மிஷன் காலத்துல உண்டானது, 1947-ல சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆச்சு. முக்கால்வாசிப் பேரு பண்ணையத்துல கூலிக்குப் போன குடும்பங்க. வசதியான வீடுகளும் சிலது உண்டு.

முன்னாடி இருந்த ஆயர் ஒருத்தரைப் பத்திச் சொல்றேன். ஸ்தோத்திரப் பண்டிகை அன்னைக்கு விடியறதுக்குள்ள வந்து பொம்பளைங்களோட உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாரு. பந்தியில தண்ணி ஊத்தறது அவர் வேலை. "ஐயா, நீங்க போயி உட்காருங்க"ன்னு யாராவது சொன்னா, சிரிச்சுட்டு அடுத்த டம்ளருக்குப் போயிடுவாரு.

ஒரு வருசம் விருந்துக்கு அரிசி மொத்தமும் ஒரே வீட்டுல குடுத்தாங்க. பந்தி போடற நேரத்துல அந்த வீட்டுப் பெரியவர் வந்து, அவங்க ஒறம்பரைக்கு (சொந்தக்காரங்களுக்கு) முதல்ல தனிப் பந்தி போடோணும், எச்சில் எலை எடுக்கறதைக் காலனிப் பசங்க பாத்துக்கட்டும்னு சொன்னாரு. கமிட்டியில ஒருத்தரும் வாய் தெறக்கல. ஆயர் தண்ணிக் குடத்தைக் கீழ வெச்சாரு.

"எலையை நான் எடுக்கறனுங்க. தனிப் பந்தி இங்க இல்லீங்க."

"அரிசி எங்களுதுங்க ஐயா."

"வேணுமின்னா மிச்ச மூட்டையை வண்டி புடிச்சு ஊட்டுக்கு அனுப்பி வெக்கறமுங்க."

குரலை ஒசத்தவே இல்லைங்க. ஆனா அன்னைக்கு அவர் மொகத்தைப் பார்த்தவங்க மறந்திருக்க மாட்டாங்க. எல்லாரும் ஒரே வரிசையில உட்கார்ந்தாங்க. அந்தப் பெரியவர் சாப்பிடாமக் கிளம்பிட்டாரு. அவர் மகன் மட்டும் இருந்து சாப்பிட்டாரு. சொன்ன மாதிரியே எலையை ஆயர்தான் எடுத்தாரு. கொஞ்ச நேரத்துல அந்த மகனும் வேட்டியை மடிச்சுக் கட்டிட்டுக் கூட வந்தாரு.

பின்னால அந்த வீட்டு அம்மா படுத்த படுக்கையா ஆனப்ப, ஆயர் சைக்கிள்ல போயி ஜெபம் பண்ணிட்டு வந்தது எங்களுக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரியும். பெரியவர் கோயிலுக்குத் திரும்பி வந்தாரு. ஆனா ஆயர்கிட்ட மொகம் குடுத்துப் பேசினதை நான் பார்த்ததில்லை.

ஒண்ணு மட்டும் சொல்லோணும். சேர்ல உட்கார்ந்துட்டு உத்தரவு போடற ஆளா இருந்திருந்தா அந்த வார்த்தை அன்னைக்கு நின்னிருக்காது. வருசம் பூராவும் எங்களோட தரையில உட்கார்ந்த மனுசன் சொன்னதாலதான் நின்னுச்சு.

தாராபுரத்திலிருந்து

நான் நர்ஸ். வேலை பழகின மிஷன் ஆஸ்பத்திரியில ஒரு வார்டு சிஸ்டர் இருந்தாங்க. ஆயாம்மா வர லேட்டானா வாந்தியைத் தானே துடைப்பாங்க, பெட்பேனும் எடுப்பாங்க. புதுசா வந்த டாக்டர் ஒருத்தர், நிர்வாகத்துக்கு வேண்டப்பட்டவர், பிரசவ வார்டுக்குள்ள வெளிச் செருப்போட நுழைஞ்சாரு. சிஸ்டர் வாசல்ல குறுக்க நின்னாங்க. "செருப்பை விட்டுட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க டாக்டர்." அவ்வளவுதான். அவரும் போயிக் கழுவிட்டு வந்தாரு. பிள்ளை பெத்தவளுக்குக் காய்ச்சல் வந்துடக் கூடாதுங்கறதைத் தவிர அந்தக் கண்டிப்புல வேற ஒண்ணும் இல்லைங்க.

திருப்பூரிலிருந்து

பனியன் கம்பெனியில செக்கிங் சூப்பர்வைசரா இருக்கேன். எங்க புரொடக்‌ஷன் மேனேஜர் விசுவாசி. ஜாப் ஒர்க் யூனிட்காரங்ககிட்ட கமிஷன் வாங்க மாட்டாரு, தீபாவளிக்கு வர்ற ஸ்வீட் பாக்ஸைக்கூட செக்ஷன்ல பிரிச்சுக் குடுத்துடுவாரு. ஷிப்மென்ட் நெருக்கத்துல டேபிள்ல வந்து உட்கார்ந்து பிசிறு வெட்டுவாரு. அதே ஆள் தையல் சரியில்லைன்னா லாட் முழுசையும் திருப்பி அனுப்பிடுவாரு. ஹாஸ்டல் பிள்ளைங்களைக் கெட்ட வார்த்தையில பேசின கான்ட்ராக்டரை அன்னைக்கே கணக்கு முடிச்சு வெளியே அனுப்பினாரு.

எனக்கு நெகேமியா 5 ஞாபகம் வரும். வயலையும் திராட்சத்தோட்டத்தையும் அடகு வெச்ச ஜனங்ககிட்ட வட்டி வாங்கின பெரியவங்களை, அதிபதியா இருந்த நெகேமியா கூட்டம் கூட்டிக் கடிஞ்சுக்கறாரு. அதே அதிகாரத்துலதான் சொல்றாரு, 12 வருசமா அதிபதிக்கு உண்டான படியை நான் வாங்கிச் சாப்பிடலைன்னு. வாங்கித் தின்னிருந்தா வட்டிக்காரனைக் கேட்க வாய் எப்படி வந்திருக்கும்?

சென்னிமலைப் பக்கமிருந்து

எல்லாருதும் படிச்சேன். நல்லா இருக்குது. ஆனா இந்தத் தலைப்பு எங்களுக்குக் கொஞ்சம் வலிக்குமுங்க. தாழ்மையா இருன்னு எங்க சனத்துக்கிட்ட யாரும் தனியாச் சொல்ல வேண்டியதே இருக்கல. எங்க ஆயா, அதான் எங்க பாட்டி, பண்ணையத்துல கொட்டாங்குச்சியில டீ வாங்கிக் குடிச்சவங்க. வாசலுக்கு வெளியே நின்னு "சாமி"ன்னு கூப்பிடோணும்.

ஆயாவுக்கு எழுத்துத் தெரியாது. பைபிள் கிளாஸ்ல கேட்டதுல அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சது பிலிப்பி பட்டணத்து ஜெயில்ல பவுலை அடைச்ச கதை. விசாரிக்காம அடிச்சுப் போட்டுட்டு, காலையில கமுக்கமாப் போகச் சொன்னப்ப, பவுல் போகல. "அவர்களே வந்து, எங்களை வெளியே அழைத்துவிடட்டும்"னு உட்கார்ந்துட்டாரு. அந்த இடம் வந்தா ஆயா தொடையைத் தட்டுவாங்க.

பண்ணாடி (பண்ணை முதலாளி) வீட்டுப் பெரிய அம்மா கை கால் விழுந்து கெடந்தப்ப, குளிப்பாட்டறதுக்கு ஆளில்லாம ஆயாவைக் கூப்பிட்டாங்க. ஆயா போறேன்னாங்க. ஆனா பண்ணாடிகிட்ட நேரா நின்னு சொல்லிட்டுத்தான் போனாங்க: "உங்க பேரன் என்னை வாடி போடின்னு கூப்பிடக் கூடாதுங்க. பொறவாசல்ல வரமாட்டேன், முன்வாசல்ல வருவேன். கூலி வேண்டாம்."

அந்த அம்மா சாகற வரைக்கும் போனாங்க. மலம் மூத்திரம் எல்லாம் அள்ளினாங்க. முன்வாசல்லதான் போனாங்க. அந்தப் பேரன் இப்பவும் என்னைப் பார்த்தா "உங்க ஆயாம்மா"ன்னுதான் பேச்செடுப்பாரு.

ஈரோட்டிலிருந்து

அக்கா, படிச்சுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் எழுத முடியலைங்க. வர்ற ஞாயித்துக்கிழமை வாலிபர் கூட்டத்துல இதை வாசிக்கலாமுங்களா?

சென்னிமலைப் பக்கமிருந்து

வாசிங்க கண்ணு. குளிப்பாட்டின கதையை மட்டும் தனியா எடுத்துச் சொல்லிடாதீங்க. அப்போஸ்தலர் 16-ல 37-ஆம் வசனத்தை வாசிச்சுட்டு, அப்புறமா முன்வாசல் சேதியில இருந்து ஆரம்பிங்க.