புதுப்பிப்பு: பூட்டான், பாரோ தக்சாங் ஏற்றம்

பாரோ–திம்பு பயணத் திட்டம் பற்றிய என் பழைய இழைக்குக் கீழே பலரும் கேட்டது ஒன்றுதான்: முட்டி வலி உள்ளவர்கள், பாரோ பக்கம் மலைப்பாறையில் இருக்கும் தக்சாங் பௌத்த மடத்துக்கு ஏற முடியுமா? குதிரை இருக்கிறதே?

குதிரை பாதி வழியில் உள்ள உணவகம் வரைதான், அதுவும் ஏறும்போது மட்டும். இறங்குவது முழுக்க நடைதான். உண்மையான சோதனை கடைசியில் வருகிறது. மடம் எதிரே கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். ஆனால் இடையில் பள்ளம். படிகளில் அருவிப் பாலம் வரை இறங்கி, மறுபடி ஏற வேண்டும். திரும்பும்போது அதே படிகள் தலைகீழாக! முட்டி மோசமென்றால் உணவகத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், காட்சி அங்கிருந்தே அருமை.

மடம் சுமார் 3,120 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாரோவில் இறங்கிய மறுநாளே ஏறினால் மூச்சு வாங்கும். பயணத்தின் கடைசி நாளுக்கு வையுங்கள். காலை எட்டு மணிக்குள் கிளம்பினால் மதிய இடைவேளைக்கு மடம் மூடும் முன் பார்த்துவிடலாம். முழுக்கைச் சட்டை, முழுக்கால் உடை கட்டாயம். போன், பை எல்லாம் வாசலிலேயே வைத்துவிட வேண்டும்.

இந்தியர்களுக்கு: பூட்டானுக்குள் நுழைய பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும், ஆதார் செல்லாது. பூட்டான் அரசு வாங்கும் சுற்றுலாக் கட்டணம், ஓர் இரவுக்கு 1,200 ரூபாய், தனி.