அப்டேட்: 15 வருஷ கார், வச்சுக்கறதா மாத்தறதா

போன வாரம் கேட்டிருந்தேன்ல, 2011 மாடல் பெட்ரோல் வண்டி, 15 வருஷம் முடியுது, ஆர்சி ரினியூ பண்றதா இல்ல செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு பாக்கறதான்னு. பழசையே வச்சுக்கறோம்.

வேளச்சேரில ஒண்ணு பாத்தோம், வெளிய பளபளன்னு இருந்துச்சு, கூட வந்த மெக்கானிக் அண்ணன் சீட் பெல்ட்டை கடைசி வரைக்கும் இழுத்தாரு பாருங்க, அடில திட்டு திட்டா காஞ்ச சேறு, மழைத்தண்ணில முங்குன வண்டி, கும்பிடு போட்டுட்டு வந்துட்டோம்.

நம்மளுதுக்கு ரினியூவல் ஃபீஸ் 5000, மேல பழைய வண்டிக்குப் போடற கிரீன் டாக்ஸ், எஃப்சி (வண்டி ஓட்ட தகுதியா இருக்கான்னு பாக்கற செக்கிங்) காட்றதுக்கு முன்னாடி சஸ்பென்ஷன் புஷ், சைலன்சர்னு கொஞ்சம் வேலை இருக்கு, எல்லாம் சேத்தாலும் லோன் போட்டா ரெண்டு மூணு இஎம்ஐல போயிடற காசுதான், இன்னும் 5 வருஷம் ஓட்டலாம். இன்ஜின் கம்ப்ரஷன் நல்லா இருக்காம், அதாவது இன்ஜின் இன்னும் தேயல. வீட்டுக்காரிக்குதான் கலர் புடிக்கல, பாப்போம். கிளட்ச்சை இப்பவே மாத்திடலாமா, சொல்லுங்க மக்களே.