சிங்கப்பூர் விமானமா, மன்னார்குடி ரோடா: நம் டெல்டாவில் எதில் சாக வாய்ப்பு அதிகம்?

வெண்ணாறு:

எல்லாருக்கும் வணக்கம். அக்கா சிங்கப்பூரில் இருக்கிறாள், பிரசவத்துக்கு அம்மா போயாக வேண்டும். திருச்சியிலிருந்து நேர் விமானம், நாலு மணி நேரச் சமாச்சாரம். ஆனால் 2025 ஜூனில் அகமதாபாத் விபத்தை டிவியில் பார்த்ததிலிருந்து அம்மா ஒரே பிடிவாதம், "அந்தரத்துல போய்ச் சாகறதுக்கு நான் இங்கேயே கிடக்கேன்" என்கிறார். இதே அம்மாதான் தம்பியின் ஸ்கூட்டரில் பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து, ஒரு கையில் பையும் இன்னொரு கையில் புடவைத் தலைப்புமாக, ஹெல்மெட் கிடையாது ஒன்றும் கிடையாது, நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்து மன்னார்குடிக்கும் கும்பகோணத்துக்கும் போய் வருகிறவர். அதற்கு ஒரு நாளும் பயந்ததில்லை.

சரி, கணக்காகச் சொன்னால் கேட்பாரோ என்று தேடினேன். அமெரிக்காவில் நேஷனல் சேஃப்டி கவுன்சில் என்று ஒரு அமைப்பு வருஷா வருஷம் ஒரு பட்டியல் போடுகிறது. ஒரு ஆள் தன் ஆயுளில் எதனால் சாக எவ்வளவு வாய்ப்பு என்று. இதய நோய் ஆறில் ஒன்று, புற்றுநோய் ஏழில் ஒன்று, வாகன விபத்து ஏறக்குறைய தொண்ணூற்றைந்தில் ஒன்று, மின்னல் லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே. அது அங்கே காரில் போய் ஏசியில் உட்காருகிற ஊர்க் கணக்கு. ஐப்பசி மழையில் சேற்று வயலில் நிற்கிற நம் ஆட்களுக்கு இது எப்படிப் பொருந்தும்? நம் பக்கத்துக்கு இதே மாதிரி ஒன்று போட்டால் எது மேலே வரும், எது கீழே போகும்? கணக்குத் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:

தம்பி, பட்டியலுக்கு ஏன் அமெரிக்கா போகிறீர்கள், உங்கள் பேங்க் பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள். மே கடைசி, ஜூன் ஆரம்பத்தில் 436 ரூபாய் என்று ஒரு வரியும் 20 ரூபாய் என்று ஒரு வரியும் பிடித்தம் காட்டும். இரண்டும் மத்திய அரசின் இன்ஷூரன்ஸ் திட்டம். முதலாவது ஜீவன் ஜோதி, எப்படிச் செத்தாலும் வீட்டுக்கு 2 லட்சம். இரண்டாவது சுரக்‌ஷா, விபத்துக்கு மட்டும், அதில் செத்தால் 2 லட்சம். இரண்டுக்கும் தொகை ஒன்றுதான், ஆனால் விலையைப் பாருங்கள், இருபது மடங்குக்கு மேல் வித்தியாசம். 2 லட்சத்துக்கு 20 ரூபாய் என்றால் வருஷத்துக்குப் பத்தாயிரத்தில் ஒருவர் விபத்தில் போவார் என்று வைத்து விலை போட்ட மாதிரி. 436 ரூபாய் என்றால் சுமார் 460 பேரில் ஒருவர். கம்பெனிச் செலவு, பேங்க் கமிஷன் எல்லாம் அதற்குள் இருக்கிறது, அதனால் இதுவே சரியான சாவுக் கணக்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் 2015-ல் ஆரம்பித்தபோது 330, 12 என்றுதான் இருந்தது, கொடுத்துக் கட்டுப்படி ஆகாமல் 2022-ல் ஏற்றினார்கள், ஆகவே ரொம்பத் தள்ளியும் இருக்காது. அதுவும் ஜீவன் ஜோதியில் 50 வயதுக்குள் சேர்ந்தால்தான் உண்டு, 55-ல் முடிந்துவிடும். அந்த வயதுக்காரர்களுக்கே விபத்தை விட மற்றதுதான் பெரும் பங்கு. மற்றது என்றால் என்ன, மாரடைப்பு, சர்க்கரை, கிட்னி, புற்றுநோய். இதெல்லாம் டிவியில் வராது.

இப்போது ரோட்டுக்கு வருவோம். 2022-ல் தமிழ்நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 17,884 பேர். மாநிலத்தில் சுமார் 7.7 கோடிப் பேர். வகுத்தால் வருஷத்துக்கு 4,300 பேரில் ஒருவர். இப்படியே எழுபது சொச்சம் வருஷம் ஓடினால் ஆயுளுக்கு அறுபதில் ஒருவர். அமெரிக்கப் பட்டியலின் தொண்ணூற்றைந்தை விட மோசம், இத்தனைக்கும் நம்மில் பெரும்பாலோரிடம் கார் கிடையாது. அந்த வருஷம் நாடு முழுக்க ஹெல்மெட் போடாமல் இறந்தவர்களில் 14,000-க்கும் மேற்பட்டவர்கள் வண்டியின் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். ஓட்டுகிறவனுக்குத்தான் ஹெல்மெட் என்பது போலீஸ்காரரைப் பார்த்து உண்டான பழக்கம், தலைக்கு அந்த வித்தியாசம் கிடையாது.

விமானத்துக்கு அமெரிக்காவின் எம்.ஐ.டி பல்கலைக்கழகத்து ஆர்னால்ட் பார்னெட் என்பவர் போட்ட கணக்கு இருக்கிறது. 2018 முதல் 2022 வரை உலகம் முழுக்கப் பார்த்தால் ஒரு தடவை விமானம் ஏறினால் சாக 1.37 கோடியில் ஒரு வாய்ப்பு. போக வர இரண்டு தடவை, அப்படியானால் சுமார் 68 லட்சத்தில் ஒன்று. மேலே சொன்ன 4,300-ஐ நாளுக்குப் பிரித்தால் சுமார் 15.7 லட்சத்தில் ஒன்று வருகிறது. ஆகவே தமிழ்நாட்டில் சும்மா ஒரு நாள் ரோட்டில் புழங்குவதும் நாலைந்து தடவை சிங்கப்பூர் போய்த் திரும்புவதும் ஒரே அளவு ஆபத்துதான். இதை அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள்.

மின்னலில் நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. இந்தியாவில் 2022-ல் மின்னல் தாக்கி 2,800-க்கும் மேல் இறந்தார்கள், அமெரிக்காவில் வருஷத்துக்குச் சுமார் 20 பேர். ஜனத்தொகை வித்தியாசத்தைக் கழித்தாலும் எங்கேயோ போகிறது. வானம் ஒன்றுதான், இடிக்கும் நேரத்தில் வெட்டவெளியில் யார் நிற்கிறார்கள் என்பதுதான் வேறு. நம் நாட்டுக் கணக்குப்படி ஆயுளுக்கு ஏழாயிரத்தில் ஒன்று வரும். அதையும் நடவுக்காரருக்கும் தாலுகா ஆபீஸ் கிளார்க்குக்கும் சமமாகப் பங்கு போட்டுத்தான் ஏழாயிரம். நடவுக்காரரை மட்டும் தனியாக எடுத்தால் எங்கே போய் நிற்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வடுவூர்க்காரன்:

அண்ணே, எப்படிக் கூட்டிக் கழிச்சாலும் மொத்தத்தில் ஒன்றுக்கு ஒன்று, அதில் மட்டும் கணக்குப் பிசகாது.

சரி, விளையாட்டு போகட்டும். தண்ணீரை யாரும் சொல்லவில்லையே? நாட்டில் வருஷத்துக்கு 35,000-க்கும் மேல் மூழ்கிச் சாகிறார்கள், மின்னலை விடப் பத்து மடங்குக்கு மேல். ஆடிப் பெருக்கன்று கொள்ளிடக் கரையில் நின்று பாருங்கள். இடுப்பளவு தண்ணீர், மணல் காலுக்கு மெத்தென்று இருக்கும், அடுத்த எட்டில் மணல் அள்ளின பள்ளம், ஆள் உயரத்துக்கு மேலே. மேலே பார்த்தால் தண்ணீர் ஒரே மட்டமாக ஓடும், ஒரு அடையாளமும் தெரியாது. முக்கொம்பில் தண்ணீர் திறந்துவிட்ட சேதி கீழே குளிக்கிறவனுக்கு வந்து சேருவதற்குள் தண்ணீரே வந்துவிடும். இதில் நீச்சல் தெரிந்த பயல்களும் போகிறார்கள், தெரியாதவன் கரையிலேயே நின்று விடுகிறான்.

அப்புறம் எலிக்கும் பன்றிக்கும் பயந்து வயலைச் சுற்றிக் கரண்ட் கம்பி கட்டுகிறார்களே, அதற்கு ஒரு தனிப் பட்டியலே போடலாம். சட்டப்படி குற்றம், ஆனாலும் நடக்கிறது.

வேதை உப்பளம்:

கணக்குப்பிள்ளை சாரின் கணக்கில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. வருஷ சராசரி என்பது தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கிற சாவுக்குத்தான் பொருந்தும். ரோட்டில் நேற்று ஐம்பது பேர் என்றால் இன்றும் கிட்டத்தட்ட ஐம்பது பேர்தான். கடல் அப்படி இல்லை. 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். அன்றைக்கு மாவட்ட ஜனத்தொகை சுமார் 15 லட்சம். அந்த ஒரு காலையில் மாவட்டத்தில் 250 பேருக்கு ஒருவர், இது கடலுக்குத் தள்ளி குத்தாலத்திலும் மயிலாடுதுறையிலும் இருந்தவர்களையும் சேர்த்து. கடலோரக் குப்பங்களை மட்டும் எடுத்தால் வகுக்கவே மனசு வராது. அதற்கு முந்தின ஐம்பது வருஷத்துப் புள்ளிவிவரத்தை வைத்துப் பட்டியல் போட்டிருந்தால் சுனாமி என்ற வரியே அதில் இருந்திருக்காது.

இன்னொரு பக்கமும் உண்டு. 2018 நவம்பர் 16 கஜா புயல் வேதாரண்யத்தில்தான் கரையேறியது. தென்னை மொத்தமும் சாய்ந்தது, ஓட்டு வீடு குடிசை ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் மாநிலம் முழுக்கச் சேர்த்தே உயிர்ச்சேதம் நூறைத் தாண்டவில்லை, முதல் நாளே ஆட்களை முகாமுக்கு ஏற்றிவிட்டார்கள். சொத்துக்கு வந்தது உயிருக்கு வராமல் போனது அதனால்தான். அதே காற்று, முன்னறிவிப்பு இல்லாத காலத்தில் அடித்திருந்தால் எத்தனையாயிரம் என்று பழைய ஆட்களைக் கேளுங்கள். ஆகவே "இத்தனையில் ஒன்று" என்பது என்னமோ பிறக்கும்போதே தலையில் எழுதி வந்த எண் மாதிரி பேசாதீர்கள், அது மாறுகிற எண்.

அம்மாவுக்குப் பயம் வருவதிலும் தப்பு சொல்ல மாட்டேன். ஒரே இடத்தில் கூட்டமாகப் போவதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் வகுத்தல் கணக்கில் இறங்காது.

நைட் டூட்டி:

நான் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ், டெல்டாவில்தான், ஊர் வேண்டாம். இரண்டு விஷயம் சொல்கிறேன்.

முதலில் பாம்பு. நீங்கள் யாரும் எடுக்கவில்லை, ஆச்சரியம்தான். 2020-ல் வந்த ஒரு ஆய்வு, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்கிறது. வருஷத்துக்குச் சராசரி 58,000. ஒரு இந்தியர் 70 வயதுக்குள் பாம்பு கடித்துச் சாக 250-ல் ஒரு வாய்ப்பு, சில இடங்களில் நூறில் ஒன்று. விமானம், மின்னல் எல்லாம் இதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது. எங்களிடம் வருகிறவர்களில் வரப்பில் கண்ணாடி விரியனை மிதித்தவர்கள் சீக்கிரம் வந்துவிடுகிறார்கள், ஏனென்றால் கால் வீங்கி வலி உயிர் போகும். பயமே கட்டு விரியனிடம்தான். ராத்திரி தரையில் பாய் போட்டுப் படுத்தவரைக் கடிக்கும், கொசு கடித்த மாதிரிகூட இருக்காது, தடமும் தெரியாது. விடிகாலையில் வயிற்று வலி, வாந்தி, தொண்டை கம்முகிறது என்பார்கள், கண் இமை தானாகச் சொருகும். வீட்டில் அஜீரணம் என்று ஓம வாட்டர் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். தரையில் படுத்த ஆளுக்கு விடிகாலையில் இமை சொருகினால் வேறு யோசனையே வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், பாம்பை அடித்து மஞ்சள் பையில் போட்டு எடுத்து வராதீர்கள் (உயிரோடு கொண்டு வந்தவரும் உண்டு, அன்றைக்கு வார்டில் நோயாளிகளைத் தவிர ஒருவரும் இல்லை). நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே மருந்துதான். அந்த மருந்துக்குப் பெரும்பாலும் விஷம் எடுத்துக் கொடுப்பது நம் வடநெம்மேலியில் பாம்பு பிடிக்கிற இருளர்களின் கூட்டுறவுச் சங்கம். கட்டிலில் படுப்பது, கொசுவலையை மெத்தைக்குக் கீழே செருகுவது, ராத்திரி மடை பார்க்கப் போனால் டார்ச், இது போதும், எண் தானாகக் குறையும்.

இரண்டாவது நெஞ்சு வலி. கணக்குப்பிள்ளை சார் சொன்ன அந்த 436 ரூபாயில் இதற்கும் ஒரு பெரிய பங்கு உண்டு. நம் ஊரில் நெஞ்சு வலிக்கு முதல் மருந்து சோடா, இரண்டாவது இஞ்சிச் சாறு, மூன்றாவது "வாய்வுப் பிடிப்பு, குப்புறப் படு". எல்லாம் முடிந்து ஆட்டோ பிடித்து வரும்போது நாலு மணி நேரம் ஓடியிருக்கும். சர்க்கரைக்காரர்களுக்குச் சில சமயம் வலியே இருக்காது, வியர்த்துக் கொட்டும், மூச்சு வாங்கும், அவ்வளவுதான். சட்டை நனைகிற அளவுக்கு வியர்த்தால் அது வாய்வு இல்லை.

இன்னொன்று, இந்தப் பட்டியல்களையே கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். 2020-ல் இந்தியாவில் பதிவான சாவுகளில் டாக்டர் காரணம் எழுதிக் கொடுத்தது நூற்றுக்கு 22 சொச்சம்தான். மற்றவர்களில் பலர் வீட்டில் இறந்து, சாயங்காலத்துக்குள் எடுத்துவிடுகிறார்கள். பாம்புக்கடி எண்ணிக்கையே வீடு வீடாகப் போய், கடைசி நாட்களில் என்ன நடந்தது என்று குடும்பத்தாரிடம் கேட்டு எழுதியதை டாக்டர்கள் படித்துக் காரணம் முடிவு செய்ததில் வந்ததுதான். ஆஸ்பத்திரிக் கணக்கை மட்டும் நம்பினால் பாதிக்கு மேல் காணாமல் போகும்.

யாரும் வாயெடுக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2022-ல் நாட்டில் தற்கொலையில் போனவர்கள் 1,70,924, கிட்டத்தட்ட சாலை விபத்துக்குச் சமம். பூச்சிமருந்தை வீட்டுக்குள் வைக்காமல் பூட்டி வையுங்கள், மனசு சரியில்லாதவர் யாராவது இருந்தால் 104 என்கிற அரசு உதவி எண்ணுக்குப் போன் போட்டுக் கொடுங்கள். ராத்திரியிலும் எடுப்பார்கள்.

வெண்ணாறு:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. நைட் டூட்டி அக்கா, வீட்டில் அப்பா தரையில்தான் படுக்கிறார், கட்டிலுக்குப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை அண்ணன் சொன்ன ஒரு நாள் ரோட்டுக் கணக்கை அம்மாவிடம் சொன்னேன். "அப்ப ஒரு நாள் எங்கேயும் போகாம வீட்டுல இருந்துட்டு ஏறுறேன், சரியாப் போயிடும்ல" என்றார். இதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை, டிக்கெட் போட்டுவிட்டேன். ஹெல்மெட்டுக்குத்தான் இன்னும் ஒப்பவில்லை, கொண்டை நசுங்குமாம். அம்மாவுக்கு 63 வயது, அந்த 20 ரூபாய் திட்டத்தில் சேர்க்க முடியுமா?

கணக்குப்பிள்ளை:

சேர்க்கலாம், 70 வரைக்கும் உண்டு. 436 ரூபாய் திட்டத்துக்குத்தான் வயது தாண்டிவிட்டது. அம்மாவுக்கு சேமிப்புக் கணக்கு இருக்கிற பேங்கிலேயே படிவம் கொடுப்பார்கள், நாமினி பெயரை விடாமல் எழுதுங்கள். மே கடைசியில் கணக்கில் பணம் இருக்க வேண்டும், இல்லையென்றால் சத்தமில்லாமல் நின்றுவிடும். ரோடு விபத்து, தண்ணீரில் போனது என்றால் போலீஸ் பதிவு கேட்பார்கள். பாம்புக்கடிக்கும் மரத்திலிருந்து விழுந்ததற்கும் உடனே போன ஆஸ்பத்திரிச் சீட்டு போதும். அதற்காகவாவது நேரே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள், மந்திரிக்கிறவர் சீட்டு கொடுக்க மாட்டார்.

கொண்டைக்கு: அரை ஹெல்மெட் வாங்காதீர்கள், ஐ.எஸ்.ஐ முத்திரை பார்த்து முழுசாக வாங்குங்கள், கொண்டையைக் கழுத்துப் பக்கம் கொஞ்சம் தாழ்த்திப் போடச் சொன்னால் உள்ளே போகும். எங்கள் வீட்டில் அப்படித்தான் போகிறது.