கவரின் பின்பக்கம் எழுதினால் அது எழுத்து இல்லையா?

ஒற்றைப்பனை:
மடிந்து வந்த கவரைப் பற்றி நேற்று சொன்னேன். அதற்குக் கோடைமேகம், "'மடக்காதீர்' என்று எழுதாமல் அனுப்பிவிட்டுத் தபால்காரரைத் திட்டாதீர்கள்" என்று தீர்ப்பே எழுதிவிட்டார். எழுதியிருந்தது ஐயா! சிவப்பு மையில், கொட்டை எழுத்தில். உள்ளே இருந்தது அப்பாவின் ஒரே இளவயதுப் படம். வீட்டுத் தபால் பெட்டியின் வாய் சிறியது என்று கவரை இரண்டாக மடித்துத் திணித்திருக்கிறார்கள். முகத்துக்குக் குறுக்கே வெள்ளைக் கோடு. கதவைத் தட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

கோடைமேகம்:
எந்தப் பக்கம் எழுதியிருந்தது?

ஒற்றைப்பனை:
பின்பக்கம். அதனால் என்ன?

கோடைமேகம்:
அதைத்தான் சொல்கிறேன். முகவரி இருப்பது முன்பக்கம். கொடுப்பவர் பார்ப்பதும் அதைத்தான். தப்பு அனுப்பியவர் மேல்.

ஒற்றைப்பனை:
அனுப்பியவர் என் அண்ணன். அவரைக் குறை சொல்ல நீங்கள் யார்? மடிக்கும்போது கவரின் முதுகு கண்ணில் படாதா?

மழைத்தூறல்:
தபால் பிரிக்கும் வேலையில் இருந்தவன் நான். இயந்திரத்தில் கடிதங்கள் பட்டைக்கும் உருளைக்கும் நடுவே வளைந்துதான் ஓடும். முன்பக்கமோ பின்பக்கமோ, நீங்கள் எழுதுவது அதற்குப் புரியாது. நெளி அட்டை இரண்டு எடுத்து, ஒன்றின் வரி நெட்டாகவும் மற்றதன் வரி குறுக்காகவும் வைத்து, நடுவில் படத்தை வையுங்கள். லேசில் மடங்காது.

ஒற்றைப்பனை:
மடித்தது இயந்திரம் இல்லை, மனிதக் கை. உங்கள் துறை என்றதும் வக்காலத்து வந்துவிடுகிறது. போன தடவை நனைந்துவந்த புத்தகத்தைப் பற்றிச் சொன்னபோதும் இதையேதான் செய்தீர்கள்.

மழைத்தூறல்:
அட்டை வைத்தாரா, இல்லையா? அதற்குப் பதில் வரவில்லை.

சிட்டுக்குருவி:
முதலில் அது 'மடிக்காதீர்'. குடையை மடக்குவோம், காகிதத்தை மடிப்போம். எழுதினதே தப்பு.

ஒற்றைப்பனை:
அப்பா முகமே போய்விட்டது, உங்களுக்கு இலக்கணமா?

கோடைமேகம்:
சிட்டுக்குருவி சொல்வது சரி. அதையும் முன்பக்கம் எழுதியிருக்க வேண்டும்.

நூல்கண்டு:
சண்டையை விடுங்கள். சாதாரணத் தபாலுக்குப் பொதுவாக இழப்பீடு கிடையாது. வெளிநாட்டுத் தபால் என்றால், 1874இல் பெர்னில் தொடங்கிய உலக அஞ்சல் ஒன்றியத்தின் விதிப்படி பதிவுத் தபால், காப்பீடு செய்தது, பார்சல் இவற்றுக்கு உண்டு. அனுப்பிய மறுநாளிலிருந்து 6 மாதத்துக்குள் விசாரணை கேட்க வேண்டும். பொட்டலம் சரியாகக் கட்டவில்லை என்றால் அதுவும் கிடைக்காது. சேதம் தெரிந்தால் வாங்கும்போதே குறித்துக்கொடுங்கள். கவரை எறியாதீர்கள், பிரிக்கும் முன் படம் எடுங்கள்.

ஒற்றைப்பனை:
காசு யார் கேட்டது? அந்தப் படத்துக்கு நகல் கிடையாது. கவரைப் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன். பின்பக்கம் முழுக்கச் சிவப்பு எழுத்து. இந்தக் கண்ணால் பார்த்தது. புகாரும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

கோடைமேகம்:
புகாரில் 'பின்பக்கம்' என்று எழுதினீர்களா?

ஒற்றைப்பனை:
எழுதியிருந்தது என்று எழுதினேன். அது போதும்.

மழைத்தூறல்:
அப்போ அட்டை வைக்கவில்லை.

ஒற்றைப்பனை:
நாளைக்குக் கவரைப் படம் எடுத்துப் போடுகிறேன். கண் இருப்பவர்கள் பார்க்கட்டும்.

கோடைமேகம்:
முன்பக்கத்தையும் எடுத்துப் போடுங்கள்.